அம்மா நின்ற ஓரம்

நசாரியோ,

புவேப்லா நகர ஆய்வகத்தில் எனக்குக் காலை ஷிப்ட். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. பானையில் சோளமாவுத் தமால் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை. ரெமெதியோஸ் அத்தை படையலுக்குச் செண்டுமல்லி கொண்டுவருவார். அம்மா இறந்தபின் வரும் முதல் இறந்தோர் நாள் இது, மேசையை நன்றாகத் துடைத்து வை.

நேற்று உன்னிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. "உசிரோட இருக்கறவங்க ஒருத்தர்கூடப் படையல் படத்துல இருக்கக் கூடாதுடா" என்று அத்தை சொன்னதைத்தான் நீ செய்தாய். அம்மா நடுவில் இருப்பாள் என்று நினைத்து, கணினியில் எல்லாப் படங்களின் ஓரங்களையும் ஒரே அளவில் ஒரே தடவையில் வெட்டி, பழைய படங்களின் மேலேயே சேமித்துவிட்டாய். தன் பிறந்தநாளில்கூட, "நீங்கல்லாம் நில்லுங்க, நான் இப்படி ஓரமா ஒட்டிக்கறேன்" என்றவள் அவள். இப்போது எல்லாவற்றிலும் நாம் இருக்கிறோம், அவள் இல்லை. மீட்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஒரே ஒரு படத்தில் மட்டும் உன் தோளில் அவள் கை மிச்சமிருக்கிறது. கையை மட்டும் வெட்டி அச்செடுத்திருக்கிறேன். அலமாரியில் இருக்கிறது. படையலில் அதை வை.

ஓஃபேலியா அக்கா

பி.கு.: உன் நீலச் சட்டை கொஞ்சம் அதில் தெரிகிறது. அத்தை ஏதாவது சொன்னால், "துணிக்கு ஏது அத்தை உசிரு" என்று சொல்லிவிடு. அதையும் வெட்டப் பார்த்தேன். வெட்டினால் அம்மாவின் விரல் நுனியும் போய்விடும்.