வாசல் பலகையில் ஒன்பதாவது பெயர்

மார்ச் 4

கர்த்தருக்குள் பிரியமான சபை அங்கத்தினருக்கு,

தங்கள் குடும்பத்தின் தசமபாகம் மூன்று மாதங்களாக வந்து சேரவில்லை. புதிய ஆலயத்தின் கூரைப் பணி பாதியில் நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். இம்மாதக் கடைசிக்குள் செலுத்தி ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

சபைப் போதகர்

பி.கு. டேய் ஊசி, இது கமிட்டி அச்சடித்துக் கொடுத்தது. பாக்கி உள்ள எல்லோருக்கும் போகிறது, உனக்கு மட்டும் அனுப்பாமல் விட முடியவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய். மூன்று வாரமாக உன்னைக் காணோமே, என்ன கோபம்?
— உருண்டை

மார்ச் 11

அன்புள்ள உருண்டைக்கு,

அச்சடித்ததை விட்டுவிடுகிறேன். கீழே கிறுக்கியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, எழுதுகிறாள். டிசம்பரில் ஒரு ஃபிரிட்ஜைப் படியில் இறக்கும்போது வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் நசுங்கி, ஒன்றை எடுத்தேவிட்டார்கள். ரிப்பேர் கடை அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. சம்பாத்தியமே இல்லாதபோது அதில் பத்தில் ஒன்று எவ்வளவு என்று நீயே போட்டுச் சொல். பள்ளியில் என் கணக்கைப் பார்த்துத்தானே எழுதுவாய்.

கட்டுப் போட்ட கையோடுதான் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்று கைகுலுக்கினாய், நான் இடது கையை நீட்டினேன். நீ கவனிக்கவில்லை. உன் கண்ணெல்லாம் பக்கத்தில் கட்டுகிற புது ஆலயத்தின் கூரை மேலேயே இருந்தது.

நான் வராததற்குக் காரணம் அது இல்லை. தசமபாகம் கொடுக்காதவர்கள் என்று வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறாய். ஒன்பதாவது பெயர் என்னுடையது. உன் தங்கச்சி பதினெட்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கதவைத் துடைத்தவள். அன்றைக்குப் பலகையைப் பார்த்ததும் துணியை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். (இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.)

உன்,
ஊசி

மார்ச் 19

அன்புள்ள ஊசிக்கு,

உன் கையை நான் பார்க்கவே இல்லை. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் போய்விட்டது.

என் நிலைமையையும் கொஞ்சம் கேள். கட்டடத்துக்கு வாங்கிய கடனுக்காக வங்கியிலிருந்து ஆள் வருகிறார்கள். எனக்கே ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. கமிட்டித் தலைவர்தான், "ஐயா, நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதிப் போடுங்க. வெட்கம் வந்தா பணம் வந்துடும்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பலகை மாட்டிய பிறகு பணம் வந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன். கொடுக்காத வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று பிரசங்கம் செய்ததும் நான்தான். அன்றைக்கு நீங்கள் இருவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

உன் பங்கை எப்படியாவது நானே கட்டி, உன் பெயரை எடுத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. தங்கச்சியை மட்டும் திரும்ப வரச் சொல்.

உன்,
உருண்டை

மார்ச் 26

அன்புள்ள உருண்டைக்கு,

என் பெயரை மட்டும் எடுக்காதே.

எனக்கு மேலே எட்டாவது பெயர் துணி தேய்க்கிற அக்கா. நேற்று வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு ஆராதனைக்கு வந்து, அப்படியே பெண்ணையும் பார்க்கிறார்களாம். கைக்குட்டையில் சுற்றிய பணத்தை மேஜையில் வைத்தாள். "தம்பி, அவங்க உள்ள நுழையும்போது என் பேரு கண்ணுல படக்கூடாது. பாஸ்டர் உங்க சிநேகிதர்தானே, சொல்லி எடுக்க வைங்க" என்றாள். வட்டிக்கு வாங்கிய பணம்.

"இது ஆண்டவருக்கா, பலகைக்கா, அக்கா?" என்று கேட்டேன்.

"பலகைக்குத்தான் தம்பி" என்றாள். சிரிக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள். இனி உன் பாடு.

ஊசி

ஏப்ரல் 2

அன்புள்ள ஊசிக்கு,

ஞாயிறு காலை யாரும் வருவதற்கு முன்பே போய்ப் பலகையைக் கழற்றிவிட்டேன். கமிட்டித் தலைவர் வந்து, "யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றார். "யாரைக் கேட்டு மாட்டினோம்?" என்றேன். பிரசங்க மேடையில் நின்று, "கொடுக்காத வீட்டில ஆசீர்வாதம் தங்காதுன்னு சொன்னேன். அது ஆண்டவர் பேசினதில்ல, என் பயம் பேசினது. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். சிலர் எழுந்து போனார்கள். அக்கா விருந்தாளிகளோடு முன்வரிசையில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். "உட்காருங்க ஐயா, இந்த ஒரு சட்டையை முடிச்சிடறேன்" என்று நாலு சட்டை தேய்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகு, "பொண்ணை அவங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று கமிட்டி கூடியது. இம்மாதத்தோடு என்னை விலகிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். போதகர் வீட்டையும் காலி செய்ய வேண்டும். உன் அண்ணி பாத்திரங்களைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

உன் கையைப் பார்க்க வர வேண்டும். நாலு மாதம் தாமதம்தான். வரலாமா?

உருண்டை

ஏப்ரல் 6

அன்புள்ள உருண்டைக்கு,

"அண்ணன் வர்றதுக்கு எதுக்கு லெட்டர் போட்டுக் கேக்கறாரு?" என்று உன் தங்கச்சி சண்டைக்கு வருகிறாள்.

எங்கள் மாடியறையில் பழைய கம்ப்ரெஸரும் கதவுகளுமாக அடைத்து வைத்திருந்தேன். இரண்டு நாளாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறோம். தேய்க்கிற அக்காவும் மகளும் வந்து பாதியைத் தூக்கினார்கள். குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். படி குறுகல், நீ கொஞ்சம் ஒருக்களித்து ஏற வேண்டியிருக்கும். வேறு வேலை கிடைக்கிறவரை அல்ல, மனசு இருக்கிறவரை இருங்கள்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அதை எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்ப்போம். இனி எந்தச் சபைக்குப் போவது என்றும் தெரியவில்லை. அதையும் பேசிக்கொள்வோம்.

சனிக்கிழமை காலை வண்டி பிடித்துக்கொண்டு வருகிறேன்.

உன்,
ஊசி

அண்ணா, இது நான். அண்ணியைத் தனியாகப் பாத்திரம் சுற்ற விடாதீர்கள். நாளைக்கே வருகிறேன்.