மே பத்து, பன்னிரண்டு இருபத்து நான்கு

கற்பிட்டி
19.06.2026

அன்புள்ள தம்பி றிப்னாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டு வருடங்கள் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அது போதும். டோஹாவில் உள்ள உன் முகவரியை அடுத்த படகுக் கில்பட்டிடம் வாங்கினேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் நீ படித்துவிட்டாய் என்று தெரிந்த பிறகு ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

ஊரில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பருவம் தப்பிப் பெய்த மழையில் வெங்காயம் அழுகிவிட்டது. எனக்குச் சீனி வருத்தம் கூடி, இடது காலில் ஒரு புண் ஆற மறுக்கிறது. உன் மதினி கமறியா கருவாட்டு வாடியில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். பெருநாளுக்கு நீ அனுப்பிய பெட்டி இன்னும் கட்டு அவிழ்க்காமல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உன் பெயரை யாராவது எடுத்தால் மதினி எழுந்து உள்ளே போய்விடுகிறாராம்.

அதற்குக் காரணம் நான்.

உன் கூடப்பிறந்த காக்கா சாஹுல் ஹமீது கடலில் மௌத்தான அந்த வெள்ளிக்கிழமை, அவருக்கு நெஞ்சு நோவு வந்தவுடன், கூடப் படகில் இருந்த நீ கரைக்கு றேடியோவில் கூப்பிட்டதாகவும், யாரும் பேசவில்லை என்றும் சொன்னாய். மீனவர் சங்கத்தின் றேடியோ அறைக்குப் பொறுப்பாக இருந்த நான், எந்த அழைப்பும் வரவில்லை என்று சொன்னேன். படித்தவன் பொய் சொல்லமாட்டான் என்று என்னை நம்பினார்கள். நீ பயத்தில் விறைத்துப்போய் இருந்துவிட்டுப் பிறகு கதை கட்டினாய் என்று முடிவு செய்தார்கள். உன் மதினியும் அதையே நம்பினார்.

நீ கூப்பிட்டிருப்பாய் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அடுத்ததைக் கவனமாக வாசி. 2024 மே பத்தாம் திகதி, நமது நேரம் பன்னிரண்டு இருபத்து நான்குக்குச் சூரியனில் நடந்த ஒரு பெரிய வெடிப்பின் கதிர் இங்கே உச்சத்தைத் தொட்டது. நமது நெடுந்தூர றேடியோ அலை, வானத்தில் உயரே உள்ள மின்னேறிய படை ஒன்றில் பட்டுத் திரும்பித்தான் கரைக்கு வருகிறது. அப்படியான வெடிப்பு நடந்தால், அந்தக் கதிர்கள் அதற்குக் கீழே உள்ள படையை நடுவழியிலேயே அலையை விழுங்க வைத்துவிடும். பகலாக இருக்கும் பாதி உலகத்துக்கு இந்தக் கதிதான். அன்று சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நின்றது. சூரியனில் ஒரு கறைக்கூட்டம், பூமியைப் போலப் பதினைந்து மடங்கு அகலம். அதிலிருந்து கிளம்பிய புயலால் அன்றிரவு எங்கெங்கோ வானம் சிவந்தது. பத்து நாள் கழித்து அதே கறை செவ்வாய்ப் பக்கம் திரும்பி மறுபடி வெடித்தது. அங்கே மனிதரே இல்லாத தரையில் நிற்கும் வண்டியின் கமராப் படங்களில் வெள்ளைப் புள்ளிகள் மழையாகக் கொட்டின. அந்தச் சூரியக் காற்று வியாழனையும் சனியையும் கடந்து, கோள்கள் முடிந்த பிறகும் வீசிக்கொண்டே போகிறது. அவ்வளவு பெரிய ஒன்றின் குறுக்கே நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாய்.

இதை நான் அறிந்தது உன் காக்காவை அடக்கி இரண்டு வாரத்துக்குப் பிறகு. அன்றே சங்கத்தில் சொல்லியிருந்தால், றிப்னாஸும் பொய்யன் இல்லை, நானும் பொய்யன் இல்லை என்று விஷயம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஜனாஸாவை இறக்கிய அன்று, ஜெட்டியில் அத்தனை பேருக்கும் முன்னால் என் கொலரைப் பிடித்து, “நீங்க செட்ட நிப்பாட்டிப் போட்டுப் போயிருப்பீங்க சேர், எனக்குத் தெரியும்” என்று கத்தினாய். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வீண்பழியாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

ஓம், நிறுத்தினேன்.

உனக்கும் அந்தக் காலைக் கதை நினைவிருக்கும். பதினொன்றரைக்கு உன் காக்கா பேசினார். காற்று எப்படி என்று கேட்டார். சொல்ல நான் கொஞ்சம் தாமதித்தேன். “ஓய் புரொபசர், புத்தகத்தப் பொரட்டிப் பாத்துச் சொல்லுங்க, அதுக்குள்ள நாங்க மீன வித்துப்போட்டு வாறோம்” என்றார். பிறகு, “பள்ளிக்கூடத்தில வேணாம் எண்டு சொன்ன ஆள எங்கட தலையில கட்டினானுகள்” என்றார். அந்த அலைவரிசையில் இருந்த படகெல்லாம் சிரித்தது. கில்பட்டின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.

ஒன்பது வருடம் தொண்டர் ஆசிரியராக இருந்தேன். நிரந்தர நியமனம் வந்தபோது எனக்குக் கீழே படித்தவனுக்குக் கொடுத்தார்கள். உன் காக்காவுக்கு இது பகிடி. அவர் கெட்ட மனிதர் இல்லை, பகிடிக்காரர் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் பன்னிரண்டு ஐந்துக்கு றேடியோச் செட்டை நிறுத்தினேன். ஜும்ஆவுக்கும் போகவில்லை. கோட்டைப் பக்கம் போய் நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு வந்து போட்டேன். வெறும் இரைச்சல். குறிப்புப் புத்தகத்தில், ‘12.00 முதல் 1.00 வரை கேட்டேன், அழைப்பு இல்லை’ என்று எழுதினேன்.

சூரியனின் கதிர் இங்கு வர எட்டு நிமிடம் எடுக்கும். ஆக அந்த உச்சம் அங்கிருந்து புறப்பட்டது பன்னிரண்டு பதினாறுக்கு. அதற்குப் பதினொரு நிமிடம் முன்பே நான் நிறுத்திவிட்டேன். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் இதே விடைதான் வருகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ முதல் முறை கூப்பிட்டது எத்தனை மணிக்கு? கதிர் உச்சத்துக்குச் சற்று முன்பே ஏறத் தொடங்கிவிடும், ஆகவே பன்னிரண்டே காலுக்குப் பிறகு என்றால், நான் செட்டுக்கு முன்னால் இருந்திருந்தாலும் உன் குரல் வந்திருக்காது. அதற்கு முன்பு என்றால் வந்திருக்கும். அந்தப் படகின் மருந்துப் பெட்டியில் அஸ்பிரின் இருந்தது. பெட்டிக்கான பட்டியலை எழுதியவனே நான். ஒன்றைச் சப்பக் கொடு, காக்காவைச் சாய்த்து இருத்து, நான் டொக்டரைக் கூப்பிடுகிறேன் என்று சொல்ல அரை நிமிடம் போதும். பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். பிழைத்திருக்கமாட்டார் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நினைவிருந்தால் நேரத்தை மட்டும் எழுது. திட்டுவதென்றால் திட்டியும் எழுது. எழுத மனமில்லையென்றால் அதையும் நான் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கடிதத்தை ஃபோனில் படம் எடுத்து உன் மதினிக்கு அனுப்பு. சாஹுல் ஹமீதின் விண்ணப்பங்கள் எல்லாம் நான் எழுதிக் கொடுத்தவை. உன் மதினி இந்த எழுத்தை அடையாளம் காண்பார். பிள்ளைகள் உன்னைச் சாச்சா என்று கூப்பிட வேண்டும். என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

சங்கத்துக்கு இது உதவாது. கையெழுத்தில்லாத கடிதம் எதையும் கூட்டத்தில் வாசிப்பதில்லை என்ற விதி இருக்கிறது. நல்ல தமிழில் அதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். என் பெயரைப் போட்டால் ஊர் முன்னால் உன் பெயர் துலங்கும். இரண்டு முறை பேனையை எடுத்தேன். இந்த ஊரில் எனக்கென்று மிஞ்சியிருப்பது றேடியோ அறையில் நான் உட்காரும் அந்தக் கதிரை ஒன்றுதான், தம்பி.

அல்லாஹ் உன் காக்காவின் கப்றை விசாலமாக்கட்டும். அந்த நாட்டு வெயிலில் உன் உடம்பைக் காக்கட்டும். நீ திரும்பி வரும் நாளில் உன் மதினி வாசலுக்கு வரட்டும்.

தபாற் கந்தோர் மூடுவதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. பெயர் போடாமல் இப்படியே கொண்டுபோய்ப் போடுகிறேன்.