ரோட்டில் காயப்போட்ட கொள்ளு

கோரமண்டல், 1903 ஜனவரி

அன்பான தங்கச்சி இசபெல்லாவுக்கு அக்கா எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகம். உன் முழங்கால் நோவு தேவலையா? பேத்தி வின்னி நாலாவது பாஸ். பேரன் பர்னபாஸ் எஞ்சினியர் துரையிடம் வேலை. துரை சுண்ணாம்பு கலந்து கெட்டியாய்ப் போட்டுப் பார்க்கிற ரோட்டில், வண்டித்தடம் எவ்வளவு பதிகிறதென்று இவன் தினம் சாயங்காலம் அளக்கிறான்.

ஒரு வாரமாய்த் தடமே இல்லை. துரைக்கு ஒரே பூரிப்பு. எப்படிப் பதியும்? சக்கரம் ஏறி உதிரட்டுமென்று பகலெல்லாம் கொள்ளுச்செடி பரப்பி வைத்தது நான்!

"இன்னா ஆயா, பொய்யா எழுதினேன்னு துரை என்னைத் துரத்திடுவாரு" என்று விஷயம் தெரிந்ததும் பர்னபாஸ் கத்தினான். ரோடு போட்டால் கொள்ளு பரப்பாமல் வேறென்ன செய்வார்கள்? நானே துரையிடம் போய்ச் சொன்னேன். இவன் வேலை தப்பியது. துரை என்னை நகரச் சொல்லிவிட்டு, செடியோடு ரோட்டைப் படம் பிடித்தார்.

ரோட்டுக்கே படம் இருக்கிறது, உன் முகம் எனக்கு மறந்துபோகிறது. புதுசாய் ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

அக்கா பியாட்ரிஸ்