மாத்திரையிலேயே கேட்கும் என்றார்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. ஆசிரியர் அறையில் ஜெபராணி டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்: "ஏன் ஷரீபா டீச்சர், மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டிருக்கலாம்ல?"

யார் சொன்னது என்றேன். என் அண்ணன்தான், அவருடைய மருந்துக்கடையில் வைத்துச் சொன்னாராம்.

ஆக, என் இடது கண் போனதற்கு நானேதான் காரணம். அப்துல் வாஹித் அண்ணன் ஊருக்கே சொல்லி முடித்துவிட்டார்.

ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன். அதனால்தான் போனது.

ஜூன் 11

நேற்று அதற்கு மேல் எழுதவில்லை. இன்று முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கண்வலியும் வாந்தியுமாகத் தேனிக்குப் போனேன். கண்ணில் நீர் அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள். அழுத்தம் இறங்கியதும் ஆபரேஷன் என்றார்கள். மாத்திரை போட்டதும் வலி பறந்துவிட்டது. அதுதான் வினை. அண்ணன் மகள் முபீனாவின் நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாண வேலைக்கு நான் வேண்டும். "மாத்திரையிலேயே கேக்குதுல்ல, பெறகு எதுக்குக் கத்தி?" என்று அண்ணன் தன் கடையிலிருந்து அதே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கல்யாணம் முடிந்த பிறகும் கொடுத்தார். விரல் நுனிகள் மரத்தன. சோறு தகரம் போல ருசித்தது. சிறுநீரகத்தில் கல் வந்தது. எல்லாவற்றுக்கும் அவரிடம் இன்னொரு மாத்திரை இருந்தது. வலி இல்லை, அதனால் நானும் நம்பினேன். பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் அணைந்துகொண்டே வந்தது.

மே மாதம் மதுரைக் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: "மாத்திரை நல்லா வேலை செய்யும்மா. ஆனா ஆபரேஷன் வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான் அது. நீர் வடியாம அடைச்ச வழிய அது திறக்காது." வலது கண்ணுக்கு லேசர் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் வருமாம். கூடப்பிறந்தவர்களைக் கட்டாயம் கூட்டி வர வேண்டுமாம். முன்னாலேயே பார்த்துவிட்டால் லேசரோடு முடிந்துவிடுமாம்.

எனக்குக் கூடப்பிறந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிச் சொல்லமாட்டேன்.

ஜூன் 17, பக்ரீத்

அண்ணன் வீட்டில் விருந்து. உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். என் கண்ணைப் பற்றி யாரோ கேட்க, "சொன்ன பேச்சக் கேட்டாத்தான?" என்றார் அண்ணன். எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

சாப்பிடும்போது அண்ணன் விளக்கை அண்ணாந்து பார்த்தார். அதைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றார். கண்ணாடியை மாற்றுங்கள் என்றார் பெனாசிர் மதினி.

அந்த வளையத்தை எனக்குத் தெரியும். வானவில் நிறத்தில் இருக்கும். எனக்கு அப்படித்தான் தொடங்கியது. நெஞ்சு பதறும் என்று நினைத்தேன். பதறவில்லை. இன்னொரு கரண்டி கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 6

அண்ணனுக்குத் தலைவலியாம். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 21, ஞாயிறு

சொட்டு மருந்து வாங்க அண்ணன் கடைக்குப் போனேன். தலைவலி வந்தால் நான் சாப்பிட்ட அதே மாத்திரையைத் தானும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். "போட்டதும் கேக்குது" என்று சிரித்தார்.

"கேக்கும்ணே" என்றேன். பொய்யில்லையே.

வீடு வரும்வரை நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் படியில் தடுக்குவார். பிறகு பைக் ஓட்டுவதை விடுவார். மருந்துச் சீட்டை வேறொருவர் வாசித்துச் சொல்ல வேண்டிவரும். அன்றைக்கு நான் ஊர் முழுக்கச் சொல்வேன், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை போல என்று.

நான் இப்படியா ஆகிவிட்டேன்? ஆனால் ஆகட்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

முபீனா அவள் அப்பாவைப் பார்க்கக் கம்பத்திலிருந்து வந்திருக்கிறாள். நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். "மாமி, அத்தாவுக்கு வாந்தி வருது. ஒங்களுக்கு வந்ததுதானா இது?"

தெரியாது என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங் கல்யாணத்துக்காகத்தான ஆபரேஷன விட்டீக?" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வாயிலிருந்து அது வந்துவிட்டது. ச்சே, அழுதுட்டேன். அவ முன்னாடி அழுதிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 9

அவருக்குக் கண் போனால் எனக்கு என்ன கிடைக்கும்? ஊர் அவருக்காக இரக்கப்படும். இடப்பக்கம் தெரியாமல் நான் சுவரைத் தடவி நடப்பது அவருக்குத் தெரியாமலே போகும். அவருக்கு அது பெரிய விடுதலை. அதை நான் கொடுக்கமாட்டேன்.

அவர் பார்க்க வேண்டும். சாகும்வரை என்னைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணனை நலம் விசாரிக்க அதே உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அண்ணே, அந்த மாத்திரைய ஒரு வேள விடாமச் சாப்பிட்டேன். ஒங்க கையாலதான் வாங்கிச் சாப்பிட்டேன். வலி போச்சு, கண்ணும் போச்சு. இப்ப ஒங்களுக்கும் அதே நோவு மாதிரி இருக்கு. நாளைக்கு மதுரைக்கு வாங்க. இல்லைன்னா என்ன மாதிரி ஆயிருவீக."

மதினி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கூடப்பிறந்தவரைக் கூட்டி வரும்படி டாக்டரம்மா மே மாதமே சொன்னதையும் சொன்னேன்.

"மே மாசமா?" என்றார் அண்ணன்.

"ஆமா. வேணும்னுதான் சொல்லல."

மறைக்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12

மதுரை. இரண்டு கண்ணிலும் வழி குறுகியிருந்தது. உடனே லேசர் வைத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 24, சனி

மறு பரிசோதனைக்கு அவரோடு போனேன். இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கின்றனவாம்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சன்னலோரம் விட்டுக் கொடுத்தார். இடப்பக்கச் சன்னல். எனக்கு அங்கே என்ன தெரியும்? அதுகூட அவருக்குத் தோன்றவில்லை. வீரபாண்டி தாண்டியதும் கேட்டேன்.

"அங்கன என்ன தெரியுதுன்னு சொல்லுங்கண்ணே."

என்னைப் பார்த்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தென்னந்தோப்பு" என்றார்.

"அப்புறம்?"

"மேகமலை. மேல மேகம் கெடக்கு." கைக்குட்டையை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

கண்ணைக் கசக்கக் கூடாது, டாக்டரம்மா திட்டுவாக என்றேன்.

சின்னமனூர் வந்தது. "அப்புறம்?" என்றேன். உத்தமபாளையத்தில் நாங்கள் இறங்கும்வரை அவரை நிறுத்தவிடவில்லை.