ஜாக்கி வைத்த அம்பாசிடர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மகள் வீட்டில் தண்ணீர்க் கேனைத் தூக்காதே, பேரனையும் தூக்காதே. பக்கவாதத்தில் கட்டையாய்க் கிடந்த என்னைத் தூக்கித் தூக்கிப் புரட்டியது போதும்.

விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னார்களே என்று தொடங்கிய அம்பாசிடர் பொம்மை முடிந்துவிட்டது. நான் ரயில்வேயில் இருந்தபோது நிஜ வண்டியில் ரப்பர் டயரைக் கழற்றி ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தைச் சோதிக்கப் போவோமே, அதே மாதிரி. பசை நாற்றத்துக்கு இனி நீ மூக்கைப் பொத்த வேண்டாம்.

மேல் ஃப்ளாட் சுந்தரேஷ் பார்த்துவிட்டு, "அச்சா! தண்டவாளத்துல இதை எப்படி ஸார் திருப்புவா?" என்றார்.

கவிழ்த்துக் காட்டினேன். வயிற்றுக்கு அடியில் ஒரு சின்ன ஜாக்கி. அதன்மேல் வண்டியைத் தூக்கி, கையால் தள்ளித் திருப்பி, மெதுவாக இறக்க வேண்டும்.

"அப்போ, தானாத் திரும்பாதா?"

"திரும்பாது. கூட ஒருத்தர் வேணும்."

அதற்குமேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இத்தனை நாள் படுக்கையில் கிடந்தும் முதுகில் ஒரு புண்கூட இல்லையே என்று டாக்டர் அன்று ஆச்சரியப்பட்டார். நீ அப்போது சமையலறையில் இருந்தாய்.

வலி முழுக்கத் தீர்ந்த பிறகு வந்தால் போதும். இன்று காலை, நீ அமர்த்திவிட்டுப் போன ஆள்கூடத் தொடாமல், நானே திரும்பிப் படுத்தேன்.

நீ படுக்கும் பக்கமாகத்தான்.

ஜனக்புரியிலிருந்து,
உன் வீட்டுக்காரன்