சத்து மாத்திரை மருந்தில்லையாம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் அம்மா பகலெல்லாம் தூங்குகிறாள். வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொள்கிறாள். என்ன சொல்ல வந்தேன் என்று பாதிப் பேச்சில் என்னையே கேட்கிறாள். போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள், வீடெல்லாம் புகை. சமையலும் துணி துவைப்பதும் இப்போது என் தலையில். அவளிடம் தைக்க வந்த ரவிக்கைகள் மெஷின்மேல் குவிந்து கிடக்கின்றன. எனக்கும் அலுத்துவிட்டது, கண்ணு.

தைராய்டு மாத்திரை தவறாமல் போட்டும் ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. டாக்டரம்மாவும் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். வேறு மருந்து ஏதாவது உண்டா என்று அவர் கேட்கும்போதெல்லாம் இவள் இல்லையென்று தலையாட்டுவாள். நேற்று நான்தான் வாயை விட்டேன், மகள் அனுப்பும் கால்சியம் மட்டும் போடுகிறாள் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு உன் அம்மா, “நீங்க மருந்துதானே கேட்டீங்க? அது சத்து மாத்திரையாச்சே!” என்றாள்.

இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாதாம். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று சொல்லி, கூட்டிய அளவையும் குறைத்து எழுதிக் கொடுத்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வந்தவள் இன்று காலையிலும் இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறிக் கத்திவிட்டேன். “விடிஞ்சதும் புள்ள போன் பண்ணி, நான் அனுப்புன மாத்திரையைப் போட்டியாம்மான்னு கேக்குறா. இல்லன்னு எப்படிச் சொல்றது? மத்தியானம் யாரு கேக்கப் போறா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்மேல் தப்பில்லை. அனுப்புவதையும் நிறுத்த வேண்டாம். எலும்புக்கு அது தேவை என்கிறார் டாக்டரம்மா. காலையில் கூப்பிடுவதை மட்டும் மதியத்துக்கு மாற்றிக்கொள். அங்கே அது நடுராத்திரி, நீ அசந்து தூங்கும் நேரம் என்று தெரியும். வேலைக்குப் போகிற பிள்ளையின் தூக்கத்தைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்டால் அவள் போடமாட்டாள்.

நன்றாக இரு, மகளே. கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுந்து கேள்.

உன் அப்பா