இருபது நிமிட இத்தாலியப் பாட்டு

வீட்டு நிர்வாகத்துக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் விடுமுறைக்கு ஊருக்கு வரவில்லை என்று மூன்று வாரமாக நீ பேசாததைத் தவிர, இங்கே குறையொன்றும் இல்லை.

எங்கள் கார் பட்டறை மேஸ்திரி இத்தாலிய ராக் இசைப் பைத்தியம். ஒரு பாட்டு இருபது நிமிடம். புல்லாங்குழல் கொஞ்சும், ஆர்கன் அழும், திடீரென்று டிரம்ஸ் இடிக்கும். ஒரு சொல்லும் புரியாமல் நானும் சொக்கிப்போனேன். நேற்று கூடவே உரக்கப் பாடியதில், நீலக் காரின் கதவுக்குச் சிவப்பு அடித்துவிட்டேன். மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"அர்த்தம் என்ன அண்ணே?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? பதினஞ்சு வருஷமா நிம்மதியா கேக்கறேன். அர்த்தம் கண்டுபிடிச்சுக் கெடுத்துடாதே!"

ஆகவே, என்னைத் திட்டியாவது ஒரு குரல் பதிவு அனுப்பு. எவ்வளவு நீளமென்றாலும் சரி. சொல்லை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்பேன். வேலை மணி அடிக்கிறது.

இப்படிக்கு,
திட்டுக்குக் காத்திருக்கும் கணவன்